சாயங்கால அறுவடை

பேச்சியம்மாளின் சிலிப்பர் காய்ந்து கிடந்தது.

டோபிக் கடை வேலை முடிந்து அன்று இருட்டிய பிறகு நனைந்து வந்த தனலெட்சுமி, குடையைப் பின்கதவோரம் சாய்த்து வைக்கக் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தாள். கால்மிதியின்மேல் அந்த நீலச் சிலிப்பர் ஜோடியாக இருந்தது. அடியில் ஒட்டியிருந்த மணல்கூடக் காய்ந்து வெளிறிப் போயிருந்தது. வெளியே விடியலிலிருந்து விடாத மழை. பின்கட்டின் பிளாஸ்டிக் கூரைமேல் கூழாங்கற்களை வாரிக் கொட்டுவதுபோல் சத்தம். ஆனால் பாத்திரம் கழுவும் தொட்டியில், வடிதட்டு நிறைய, அப்போதுதான் அறுத்த கள்ளி மடல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வெட்டுவாயில் வழவழவென்று நீர் கோத்து நின்றது.

"அக்கா, இந்த மழையில எப்பப் போயி வெட்டுனீங்க?"

அடுப்பருகே நின்ற பேச்சியம்மாள் திரும்பவில்லை. "காலையிலயே வெட்டிட்டேன்."

"காலையிலேருந்துதானே ஊத்துது?"

"நடுவுல கொஞ்சம் விட்டுச்சு. நீதான் வேலைக்குப் போயிட்டியே லா." சட்டியை மூடி வைத்துவிட்டு, வடிதட்டைத் தன் உடம்பால் மறைத்தபடி நின்றாள். "போயி தலைய துவட்டு. உனக்கு மீன் பொரிச்சு வெச்சிருக்கேன்."

உனக்கு. அந்தச் சொல் தனலெட்சுமியின் காதில் உறுத்தியது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் சட்டி இரண்டாகியிருந்தது.

கோத்தா திங்கியில், செம்பனைத் தோட்டம் வந்து முட்டி நிற்கும் தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை வீடு அவர்களுடையது. கணவன் கமலநாதன், தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டியவன். இனிப்பு நீர் அவனுக்கு நெடுநாளாக உண்டு; மாத்திரையை நினைத்தால் போடுவான். ஒருநாள் துருப்பிடித்த ஆணி ஒன்று கால் பெருவிரலில் ஏறியது. புண் ஆறவில்லை. ஓரம் கருத்தது. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவன் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. எங்கோ மெக்சிகோவில் கள்ளியைக் காய்கறி மாதிரி சமைத்துத் தின்கிறார்களாம், சர்க்கரையை இறக்குமாம் என்று படித்துவிட்டு, முள்ளில்லாத சப்பாத்திக்கள்ளி மடல்களை யாரிடமோ சொல்லி வரவழைத்தான். பின்கட்டில் கூரை போட்டு, பாலிபேக்குகளில் ஆற்றுமணல் நிரப்பி நட்டான்.

"வெட்டுன மடல உடனே நடக்கூடாது தனம்," என்று அப்போது அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். "நிழல்ல போட்டு வைக்கணும். வெட்டுன இடம் ஆறி மூடிக்கும். அப்புறம் மண்ணு பட்டா போதும். அது பாட்டுக்கு வளரும்." சொல்லும்போது அவன் கை காலைத் தடவிக்கொண்டிருந்தது.

கள்ளி நன்றாகவே வந்தது. மடலின் விளிம்பில் காதுமடல் போலச் சின்னதாகக் கிளம்பும். சில நாளில் கையளவு ஆகும். பிஞ்சாக அறுத்து, மேலே புள்ளி புள்ளியாக இருக்கும் பொடிமுள்ளைக் கத்தியால் சுரண்டி, நறுக்கி, வழவழப்புப் போகக் கழுவி, நெத்திலி சம்பலில் போட்டால் வெண்டைக்காயும் பீன்ஸும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி. தனலெட்சுமியும் சேர்ந்துதான் தின்றாள். மிஞ்சிய மடலைப் பிளந்து கமலநாதன் புண்மேல் வைத்துக் கட்டினான். டாக்டரிடம் கேட்காமல் அதெல்லாம் வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. புண் ஆறத் தொடங்கியது.

அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மெர்சிங்கிலிருந்து வந்தவள்தான் அவனுடைய அக்கா பேச்சியம்மாள். புருஷனை இழந்தவள், படகுத்துறைப் பக்கம் நாசி லெமாக் சோறு விற்றுப் பிழைத்தவள். வந்த புதிதில் சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். மழை பிடித்த பிறகு பேச்சு குறைந்தது. சட்டி இரண்டானது. "இது அவனுக்கு மருந்து. நீ தொடாத," என்றாள்.

சாயங்காலம் ஒன்று நடந்தது. தினமும் நடந்தது.

செம்பனை மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் அடங்கி, சூரா பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்கும் நேரத்தில் பேச்சியம்மாள் தம்பியைக் குளியலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்த் தாழிடுவாள். புண் கழுவ என்பாள். கையில் துணி, வாளி, சமையல் கத்தி. புண் கழுவக் கத்தி எதற்கு என்று தனலெட்சுமி ஒருமுறை கேட்டாள். "கட்டுத்துணி வெட்ட." கதவுக்கு வெளியே நின்றால் தண்ணீர் ஓடும் சத்தத்தின் அடியில் வேறொரு சத்தம் கேட்கும். வெள்ளரிக்காயை நறுக்குவதுபோல ஈரமான, நறுக்கென்ற சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு. அது வலியில் விடும் மூச்சாக இருக்கவில்லை. முதுகு சொறிந்துவிட்டால் வருமே ஒரு சுகமான மூச்சு, அது. கதவிடுக்கு வழியாகப் பச்சை வாடை வரும், புல் வெட்டிய திடல் மாதிரி.

கமலநாதனுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. அதை அவளால் மறுக்க முடியவில்லை. ஆனால் அவன் வேறு மாதிரி ஆகிக்கொண்டு வந்தான். வியர்ப்பதில்லை. தொட்டால் மண்பானை மாதிரி குளிர்ந்திருந்தான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். காலையில் நாற்காலியைக் கிழக்கு ஜன்னலுக்குத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தவன், மாலையில் மேற்கு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதில்லை. படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டான். அவன் விரிப்பைத் துவைக்க எடுத்த தனலெட்சுமியின் விரல்களில் கண்ணுக்குத் தெரியாத முள் ஏறியது. செலோடேப்பை ஒட்டி ஒட்டிப் பிடுங்கினாள். அழுத்தினால் எரிந்தது.

அடுத்த வீட்டுச் செல்லத்திடம் வேலிக்கு இப்பால் நின்று சொன்னாள்.

"அலமாக், கதவ சாத்திக்கிட்டா?" செல்லம் குரலைத் தாழ்த்தினாள். "தம்பிய கைக்குள்ள போட்டுக்கப் பாக்குறாங்க. வீடு யாரு பேர்ல இருக்கு? அந்தச் சட்டியில என்ன போடுறாங்கன்னு பாத்தியா நீ?"

பார்க்கவில்லை. அதனால் பார்த்தாள்.

பேச்சியம்மாள் குளிக்கப் போன நேரம். சட்டியின் மூடியைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டாள். விஷமோ, மருந்தோ, எதுவாக இருந்தாலும் நாக்குக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். கசப்பு இல்லை. பழைய வெண்டைக்காய் ருசியும் இல்லை. வெந்த ஆட்டுக்கறியின் சாறு மாதிரி, உப்பும் கொழுப்புமாக, நாக்கில் அப்படியே நின்றது. இன்னொரு துண்டு எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். சோதிக்கத்தான் என்று சொல்லிக்கொண்டாள். அதற்கப்புறம் டோபிக் கடையில் சுருக்கம் சுருக்கமாக வரும் வேட்டிகளை இஸ்திரி போடும்போதெல்லாம் அந்தச் சட்டியே நினைவுக்கு வந்தது. எனக்கு மட்டும் ஏன் இல்லை? இவ்வளவு ருசியானதை ஏன் ஒளிக்கிறாள்?

குப்பைத்தொட்டியின் அடியில் பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பையாகச் சுற்றிக் கிடந்த துணியை அவள் கண்டெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரித்தாள். பச்சைக் கறை. பச்சைக்கு நடுவில் சிவப்பு. துணி விரலோடு நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வந்தது. புண்ணில் வரும் சீழ் அல்ல. சீழின் வாடை அவளுக்குத் தெரியும்.

துணியைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள்.

"என்னாக்கா இது? என் புருஷன என்னா பண்றீங்க?"

பேச்சியம்மாளின் முகம் கறுத்தது. கமலநாதன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். திரும்பவில்லை.

"நான் பண்ணல தனம். அவனுக்காகத்தான் செய்றேன்."

"என்ன செய்றீங்க? சொல்லுங்க. இல்ல, இன்னிக்குச் சாயங்காலம் நானும் உள்ள வரேன்."

"வராத." அந்தக் கிழவியின் குரலில் மிரட்டலைவிடக் கெஞ்சல்தான் அதிகம் இருந்தது. தனலெட்சுமிக்கு அது அப்போது காதில் விழவில்லை. "பாத்தின்னா அவன்கூட நீ வாழ மாட்ட. நான் அவன பொறந்ததுலேருந்து தூக்கி வளத்தவ, என்னால முடியுது. உன்னால முடியாது லா."

"இவரு என் புருஷன். இது என் வீடு. நாளைக்குக் காலையில பஸ் ஏறிருங்க."

"தம்பி, நீ சொல்லு," என்றாள் பேச்சியம்மாள்.

கமலநாதன் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு, "தனமும் கத்துக்கட்டும் அக்கா," என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் பஸ் நிலையத்தில் பேச்சியம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மெர்சிங் பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவள் சட்டென்று திரும்பித் தனலெட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சாயங்காலம் தவறாம பாரு. ஒருநாள்கூட விட்டுராத. விட்டா அவன் கையில இருக்க மாட்டான்." பிடி இறுகியது. "அந்தச் சட்டிய நீ தொடல தானே? சத்தியமா தொடல?"

"நான் ஏன் தொடறேன்?" என்றாள் தனலெட்சுமி.

பேச்சியம்மாள் மூச்சு விட்டாள். முகமே இளகியது. "நல்லது தாயி. நல்லது," என்று சொல்லிக்கொண்டே ஏறிப்போனாள். பஸ் நகர்ந்து, சேற்றுத் தண்ணீரை வாரியிறைத்துவிட்டு, பாலத்துப் பக்கம் திரும்பி மறைந்தது. பாலத்தைத் தொட்டுவிடும் உயரத்தில் ஆறு பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் பாராங் கத்தியை எடுத்தாள். அந்தக் கள்ளியை ஒன்றுவிடாமல் வெட்டி எறிந்துவிடுவது. புருஷனை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போவது. முடிவு செய்தாயிற்று. ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். தாழ்ப்பாள் இறுகியிருந்தது. துருப்பிடித்து, உள்ளே ஏறிப்போயிருந்தது. பலநாள் யாரும் திறக்காத தாழ்ப்பாள். பாராங்கின் பின்புறத்தால் தட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது.

பின்கட்டில் முழங்கால் உயரத்துக்குப் புல்.

கூரையின் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. பாலிபேக்குகள் வரிசையாக இருந்தன. கிட்டப் போனாள். அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது. மடல்கள் பழுப்பேறி, தோல் மட்டும் மிஞ்சி, பழைய தோல்பை மாதிரி சரிந்து கிடந்தன. பாராங்கின் நுனியால் ஒன்றைத் தொட்டாள். சதசதவென்று மண்ணில் இறங்கியது. உள்ளே புழு. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். மழை தொடங்கிய புதிதிலேயே எல்லாம் அழுகிச் செத்திருந்தன. அறுத்துத் தின்ன அங்கே ஒன்றுமில்லை. ஒரு மாதமாகவே இல்லை.

அப்படியானால் தினம் வடிதட்டில் இருந்தது?

வாங்கி வந்திருப்பாள். சந்தையில். இந்த ஊரில் யார் விற்கிறார்கள்? யாருமில்லை. பேச்சியம்மாள் வீட்டைவிட்டு வெளியே போனாளா? இல்லை. மழை ரெயின்கோட்டுக்குள் இறங்கிக் கழுத்தோரம் ஊர்ந்தது. தனலெட்சுமி பாராங்கைப் பிடித்தபடி, அந்த நாற்றத்தின் நடுவில், வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் கமலநாதன் நின்றிருந்தான். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

உள்ளே வந்து பேச்சியம்மாளுக்குப் போன் போட்டாள். மணி அடிக்கவே இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போட்டாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டில் வெள்ளம் ஏறிவிட்டது, படகு ஏற்பாடாகும்வரை காத்திருங்கள் என்றார்கள். என்ன நோய் என்று கேட்டார்கள். காலில் புண் என்றாள்.

வெளிச்சம் அடங்கியது. மின்சாரம் போனது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் நின்றதும் வீட்டுக்குள் மழை மட்டும் இருந்தது. மழைக்குள்ளிருந்து பாங்கு, எங்கோ தண்ணீருக்கடியில் ஒலிப்பதுபோல் கேட்டது.

குளியலறைப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம்.

"தனம்."

அவள் சமையலறையிலேயே நின்றாள்.

"நேரமாச்சு தனம். கத்திய எடுத்துட்டு வா."

"என்னங்க, நாம ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். படகு வரும். சொல்லியிருக்காங்க."

"போலாம். மொதல்ல இத முடி." குரல் அன்பாக இருந்தது. கல்யாணமான புதிதில் பேசும் குரல். "இன்னிக்கு விட்டா முகத்துக்கு ஏறிரும். அக்கா சொல்லல?"

கைப்பேசி விளக்கைப் போட்டாள். கத்தியை எடுத்தாள். எதற்கு எடுத்தாள் என்று தெரியாமல் எடுத்தாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. ஈரச் சிமெண்டு. பச்சை வாடை. பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். கால் கட்டில்லாமல் தரையில் ஊன்றியிருந்தது. புண் இல்லை. தழும்புகூட இல்லை.

சட்டை இறங்கியது.

முதலில் நிழல் என்று நினைத்தாள். விளக்கை ஆட்டினாள். நிழல் ஆடவில்லை.

தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை, முதுகெலும்பின் இரு பக்கமும், வரிசை வரிசையாக வெட்டுத் தழும்புகள். ஆறியவை. ஆறி மூடியவை. தழும்புகளின் விளிம்பில் சின்னச் சின்னதாகப் பிஞ்சுகள். சில, குழந்தையின் காது அளவு. சில, கையளவு. பின்கழுத்தில், மயிர்க்கால் ஓரத்தில் ஒன்று, இப்போதுதான் தோலைக் கிழித்துக்கொண்டு.

அவள் ஓரடி பின்னால் வைத்தாள்.

"பயப்படாத. நோவாது," என்றான். "அடியில பிடிச்சு ஒரே இழுப்பு. அக்கா அப்படித்தான் செய்வாங்க. முத்த விட்டாத்தான் நோவு." கொஞ்சம் பொறுத்து, "வேற எது தின்னாலும் வயிறு ஏத்துக்க மாட்டேங்குது தனம். இதுதான் ஒத்துக்குது," என்றான்.

சட்டி. வாய்க்குள் அந்த ருசி எழுந்தது. உப்பும் கொழுப்பும். திருடித் திருடித் தின்றது. பஸ் படியில் அந்த இறுகிய பிடி. நான் ஏன் தொடறேன்? அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். குமட்டல் வரும் என்று காத்தாள். வரவில்லை. அவளுக்குப் பசித்தது.

"தனம். அறு."

அறுத்தாள்.

வெள்ளரிக்காய் மாதிரி. நறுக்கென்று. அவன் பெருமூச்சு விட்டான். வழவழவென்று நீர் கோத்தது. நீரில் ஒரு சிவப்பு நூல் ஓடி நின்றது. இன்னொன்று. இன்னொன்று. பின்கழுத்தில் இருந்ததைக் கடைசியாக. வடிதட்டு நிறைந்தது.

"கழுவி அடுப்புல வை," என்று சொல்லிவிட்டு அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

சமையலறை இருட்டு. கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள். அந்த வெளிச்சத்தில் ஒரு மடலைக் கையில் எடுத்தாள். சூடாக இருந்தது. காய்ச்சல் கண்டவனின் உள்ளங்கை மாதிரி. பச்சைத் தோலின் மேல் பொடிமுள் எதுவும் இல்லை. முள் இருக்க வேண்டிய புள்ளிகளில் மெல்லிய கறுப்பு மயிர்கள், கமலநாதனின் முன்கையில் இருப்பது போலவே, ஒரே பக்கமாகப் படிந்து கிடந்தன.

குழாயைத் திறந்தாள். மழைக்காலத்துத் தண்ணீர், பனிக்கட்டி மாதிரி அதன்மேல் விழுந்தது.

அந்த மயிர்கள் ஒவ்வொன்றாகக் குத்திட்டு எழுந்தன. தோல் முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்தது. குளிர் தாங்காமல் அவள் விரல்களைச் சுற்றி மடங்கி, மடல் நடுங்கியது.